அச்சு மங்குகிறதா? பழைய பிரிண்டரின் கோளாறைத் தாளை வைத்தே கண்டறிவது எப்படி?

புது தில்லி: நுழைவுத் தேர்வுக்கான அனுமதிச் சீட்டை அச்சிட்டால் தேர்வரின் புகைப்படத்தின் நடுவே வெள்ளைக் கோடு விழுகிறது. இ-ஆதாரை அச்சிட்டால் கியூஆர் குறியீடு சாம்பல் நிறத்தில் மங்கித் தெரிகிறது. நாட்டின் பொதுச் சேவை மையங்களிலும் நகலகங்களிலும் பள்ளி அலுவலகங்களிலும் வீடுகளிலும் பல ஆண்டுகளாக உழைத்துவரும் அச்சுப்பொறிகள் இவ்வாறு தொல்லை தரும்போது, பலரும் முதலில் புதிய கார்ட்ரிட்ஜ் வாங்குகின்றனர். அதன் பிறகும் சரியாகாவிட்டால் பிரிண்டரையே மாற்றிவிடுகின்றனர்.

இந்தச் செலவு பல நேரங்களில் தேவையற்றது. அச்சுப்பொறியின் ஒவ்வொரு பாகமும் கெடும்போது தாளில் தனக்கே உரிய அடையாளம் ஒன்றை விட்டுச் செல்கிறது. கோடு எந்தத் திசையில் செல்கிறது, கறை எத்தனை மில்லிமீட்டருக்கு ஒருமுறை திரும்ப வருகிறது, எழுத்தை விரலால் தேய்த்தால் உதிர்கிறதா என்பனவற்றைக் கவனித்தாலே, கோளாறு எங்கே இருக்கிறது என்பதைப் பெருமளவு கணித்துவிடலாம். அதற்கான வழிமுறைகளை இங்கே காணலாம்.

அச்சின் தெளிவு ஏன் முக்கியம்?

ஜேஇஇ முதன்மைத் தேர்வு போன்ற தேர்வுகளை நடத்தும் தேசியத் தேர்வு முகமை, அனுமதிச் சீட்டை ஏ4 தாளில் தெளிவாக அச்சிட்டுக் கொண்டுவருமாறு தேர்வர்களுக்கு அறிவுறுத்துகிறது. புகைப்படமும் கையொப்பமும் அடையாளம் காண முடியாத அளவுக்கு மங்கியிருந்தால், தேர்வு மைய வாயிலில் கேள்வி எழுவது இயல்பே.

கியூஆர் குறியீட்டுக்கு ஓரளவு சேதத்தைத் தாங்கும் திறன் உண்டு. அதன் பிழைதிருத்தத்தில் நான்கு நிலைகள் உள்ளன. அவை முறையே சுமார் 7, 15, 25, 30 சதவீத இழப்பு வரை ஈடுசெய்யக் கூடியவை. எனினும், மூன்று மூலைகளிலும் உள்ள பெரிய சதுரங்கள் தெளிவாக இல்லாவிட்டால், ஸ்கேனரால் குறியீடு எங்கே தொடங்குகிறது என்பதையே கண்டறிய இயலாது. ஆதார் அட்டையில் இருப்பதுபோல் புள்ளிகள் மிக நெருக்கமாக அமைந்த குறியீடுகளில், டோனர் சேமிப்பு முறையில் அச்சிடுவதுகூடச் சிக்கலை உண்டாக்கும். எனவே முக்கிய ஆவணங்களை அச்சிட்டவுடன் அங்கேயே செல்பேசியால் குறியீட்டை ஸ்கேன் செய்து பார்த்துவிடுவது நல்லது.

முதல் படி: கோளாறு கணினியிலா, பிரிண்டரிலா?

அச்சு மங்கினால் பிரிண்டரைத் திறப்பதற்கு முன் மூன்று சோதனைகளைச் செய்ய வேண்டும்.

முதலாவதாக, பிரிண்டரின் சோதனைத் தாளை அச்சிட வேண்டும். பிரிண்டரில் உள்ள பொத்தான் மூலம் அச்சாகும் தாள், கணினியின் துணையின்றி உருவாவது. அது தெளிவாக இருந்து, கணினியிலிருந்து அனுப்பும் ஆவணம் மட்டும் மங்கினால், பிரிண்டர் நலமாக இருக்கிறது என்று பொருள். அத்தகைய பொத்தான் இல்லாத மாடல்களில், விண்டோஸின் பிரிண்டர் அமைப்புகளில் உள்ள சோதனைப் பக்கத்தை அச்சிடலாம்.

இரண்டாவதாக, டிரைவரின் அமைப்புகளைப் பார்க்க வேண்டும். ‘டிராப்ட்’, ‘எகானோமோட்’, ‘டோனர் சேவ்’ ஆகிய பெயர்களில் உள்ள சிக்கன முறைகளில் ஏதேனும் ஒன்று இயக்கத்தில் இருந்தால், அச்சு வெளிறியே வரும். கணினியை மாற்றிய பிறகோ, விண்டோஸைப் புதுப்பித்த பிறகோ இந்தச் சிக்கல் தொடங்கியிருந்தால், பொதுவான டிரைவர் ஒன்று தானாக நிறுவப்பட்டிருக்கக் கூடும். அந்த மாடலுக்கு உரிய டிரைவரைத் தயாரிப்பாளரின் இணையதளத்திலிருந்து நிறுவிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவதாக, மூலக் கோப்பைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். ஏ4 தாள் முழுவதையும் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற தரத்தில் அச்சிட, படத்தில் ஏறத்தாழ 2,480-க்கு 3,508 பிக்சல்கள் தேவை. வாட்ஸ்அப்பில் படமாகப் பகிரப்பட்ட ஆவணம் சுருக்கப்பட்டே வந்து சேரும். பிடிஎப் கோப்பையே பெற்று அச்சிடுவது இதற்குத் தீர்வு.

ஸ்கேனருடன் கூடிய பிரிண்டர்களில் நகல் எடுக்கும்போது மட்டும் கோடு விழுந்து, கணினியிலிருந்து அச்சிடும்போது விழாவிட்டால், குறை ஸ்கேனர் கண்ணாடியில் உள்ளது. தாளைத் தானாக இழுக்கும் பகுதிக்குக் கீழே ஒரு குறுகிய கண்ணாடிப் பட்டை இருக்கும். அதில் ஒட்டிய சிறு துளி ஒயிட்னரோ பேனா மையோகூட நகல் முழுவதும் நீண்ட கோடாக விழும். ஈரத் துணியால் துடைத்தாலே போதும்.

லேசர் பிரிண்டரில் எழுத்து உருவாகும் விதம்

இந்தியாவின் சிறு அலுவலகங்களில் எச்பி லேசர்ஜெட் 1020, கேனன் எல்பிபி 2900 போன்ற பழைய கருப்பு-வெள்ளை லேசர் பிரிண்டர்களை இன்றும் பரவலாகக் காணலாம். இவற்றின் கோளாறுகளைப் புரிந்துகொள்ள, அவை இயங்கும் முறையை அறிந்திருப்பது அவசியம்.

கார்ட்ரிட்ஜுக்குள் பச்சை அல்லது நீல நிறத்தில் பளபளக்கும் உருளையே டிரம். முதலில் அதன் மேற்பரப்பு முழுவதும், ‘பிசிஆர்’ எனத் தொழில்நுட்பர்கள் அழைக்கும் சிறு உருளை மூலம் மின்னூட்டம் ஏற்றப்படுகிறது. பிறகு எழுத்து விழ வேண்டிய இடங்களில் மட்டும் லேசர் கதிர் பட்டு, அந்த மின்னூட்டத்தைக் குறைக்கிறது. மேக்னட் ரோலர் கொண்டுவரும் டோனர் தூள், கதிர் பட்ட இடங்களில் மட்டும் ஒட்டிக்கொள்கிறது. அடுத்து டிரான்ஸ்பர் ரோலர் அந்தத் தூளைத் தாளுக்கு இழுக்கிறது. கடைசியாக, ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும் பியூசர், தூளை உருக்கித் தாளோடு ஒட்டவைக்கிறது. டிரம்மில் எஞ்சிய தூளை வைப்பர் பிளேடு வழித்தெடுக்கிறது.

இந்த வரிசையில் எந்தக் கட்டத்தில் தவறு நேர்ந்தாலும் அதன் விளைவு தாளில் வேறுவேறு விதமாகத் தெரியும்.

கோடுகளும் கறைகளும் சொல்வது என்ன?

தாள் முழுவதும் ஒரே சீராக வெளிறியிருந்தால், டோனர் தீரும் நிலையில் இருக்கலாம், அல்லது அடர்த்தி அமைப்பு குறைக்கப்பட்டிருக்கலாம். கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்து, கிடைநிலையில் பிடித்து, இடமும் வலமுமாக ஐந்தாறு முறை மெதுவாக ஆட்டினால் தூள் சமமாகப் பரவும். அதன் பின் அச்சு மேம்பட்டால், குறை டோனரில்தான் என்பது உறுதியாகிறது.

தாளின் மேலிருந்து கீழ் வரை வெள்ளைப் பட்டையாக அச்சு விடுபட்டால், இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, அந்தப் பகுதியில் டோனர் தீர்ந்திருப்பது. மற்றொன்று, லேசர் கதிர் வெளிவரும் குறுகிய கண்ணாடியில் தூசி படிந்திருப்பது. கார்ட்ரிட்ஜை ஆட்டிய பிறகும் பட்டை அதே இடத்தில் நிலைத்திருந்தால், இரண்டாவது காரணத்துக்கே வாய்ப்பு அதிகம். பல ஆண்டுகள் தூசி நிறைந்த கடைகளில் இயங்கிய பிரிண்டர்களில் இது அடிக்கடி நேர்கிறது. புதிய கார்ட்ரிட்ஜ் வாங்கினாலும் தீராத கோளாறு இது. கண்ணாடியைத் துடைத்தால் தீர்ந்துவிடும்.

மேலிருந்து கீழாக மெல்லிய கருங்கோடு தொடர்ந்து விழுந்தால், டிரம்மில் கீறல் ஏற்பட்டிருக்கலாம், அல்லது வைப்பர் பிளேடு தேய்ந்திருக்கலாம். தாளின் வெற்றிடமெல்லாம் சாம்பல் பூத்ததுபோல் இருந்தால், பிசிஆர் பழுதையோ, பொருந்தாத டோனர் தூளையோ ஐயப்பட வேண்டும். தாள் முழுவதும் கருப்பாக வந்தால், டிரம்மில் மின்னூட்டம் ஏறவே இல்லை என்று பொருள். கார்ட்ரிட்ஜின் மின்தொடர்பு முனைகளைச் சுத்தம் செய்து பார்க்கலாம். தாள் வெறுமையாக வந்தால், புதிய கார்ட்ரிட்ஜின் பாதுகாப்பு நாடா அகற்றப்பட்டதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

அச்சு தெளிவாக இருந்தும் விரலால் தேய்த்தால் தூள் உதிர்ந்தால், பியூசர் போதிய அளவு சூடாகவில்லை. தடித்த தாளைப் பயன்படுத்திக்கொண்டு, டிரைவரில் சாதாரணத் தாள் எனக் குறிப்பிட்டிருந்தாலும் இவ்வாறு நேரும். தாள் வகையை மாற்றிப் பார்த்த பிறகே பியூசரைச் சந்தேகிக்க வேண்டும்.

அளவுகோல் காட்டும் உண்மை

ஒரே மாதிரியான கறையோ வெள்ளைப் புள்ளியோ தாளில் சம இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால், கோளாறைக் கண்டறிவது எளிது. உருளை ஒன்றில் ஒரு புள்ளி பழுதானால், அந்த உருளை ஒவ்வொரு முறை சுற்றும்போதும் அதே குறை தாளில் பதிகிறது. ஆகவே இரு கறைகளுக்கு இடையிலான தூரம், பழுதான உருளையின் சுற்றளவுக்குச் சமமாக இருக்கும்.

சிறிய லேசர் பிரிண்டர்கள் பலவற்றில் டிரம்மின் விட்டம் 24 மில்லிமீட்டர். அதன் சுற்றளவு சுமார் 75 மில்லிமீட்டர். எனவே 75 மில்லிமீட்டருக்கு ஒருமுறை கறை விழுந்தால், டிரம் பழுதாகியுள்ளது. 297 மில்லிமீட்டர் நீளமுள்ள ஏ4 தாளில் அந்தக் கறை மூன்று அல்லது நான்கு முறை தோன்றும். 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிசிஆர் உருளையில் குறை இருந்தால், கறை சுமார் 38 மில்லிமீட்டருக்கு ஒருமுறை வரும். 30 மில்லிமீட்டர் டிரம் கொண்ட பெரிய பிரிண்டர்களில் இந்த இடைவெளி சுமார் 94 மில்லிமீட்டர்.

பியூசர், டிரான்ஸ்பர் ரோலர், மேக்னட் ரோலர் ஆகியவற்றுக்கும் தனித்தனி அளவுகள் உண்டு. இவை மாடலுக்கு மாடல் வேறுபடும். தயாரிப்பாளர்களின் பழுதுநீக்கக் கையேடுகளில் இந்த அளவுகள் பட்டியலாகத் தரப்பட்டிருக்கும். பள்ளி மாணவரின் அளவுகோல் ஒன்று போதும்; கார்ட்ரிட்ஜ் வாங்க வேண்டுமா, பியூசரைப் பழுதுபார்க்க வேண்டுமா என்பதைக் கடைக்குச் செல்வதற்கு முன்பே முடிவு செய்துவிடலாம்.

பாதியில் நிறுத்திப் பார்க்கும் சோதனை

இடைவெளியை வைத்தும் முடிவுக்கு வர இயலாவிட்டால், தொழில்நுட்பர்கள் கையாளும் மற்றொரு முறை உண்டு. தாள் பாதி வழியில் இருக்கும்போது பிரிண்டரின் மூடியைத் திறந்துவிட்டால் அச்சுப்பணி நின்றுவிடும். பிறகு கார்ட்ரிட்ஜையும் தாளையும் வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும்.

டிரம்மின் மேல் எழுத்துகள் தெளிவாக இருந்து, தாளில் மட்டும் மங்கியிருந்தால் டிரான்ஸ்பர் ரோலரில் குறை உள்ளது. தாளில் உருகாத தூளாக இருக்கும் எழுத்துகள் தெளிவாக இருந்து, பியூசரைத் தாண்டிய பகுதியில் மட்டும் கலங்கியிருந்தால், குறை பியூசரில் உள்ளது. டிரம்மிலேயே எழுத்துகள் சரியாக அமையவில்லை எனில், கார்ட்ரிட்ஜ் அல்லது லேசர் பகுதிதான் காரணம்.

இந்தச் சோதனையின்போது டிரம்மின் மூடியைச் சில நொடிகளுக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது. ஒளி பட்டால் டிரம் கெடும். விரல் ரேகை பட்டாலும் அது அச்சில் கறையாகத் தெரியும்.

மறுநிரப்பு கார்ட்ரிட்ஜில் கவனிக்க வேண்டியவை

இந்தியாவில் காலியான லேசர் கார்ட்ரிட்ஜில் மீண்டும் டோனர் நிரப்பிப் பயன்படுத்துவது பரவலான வழக்கம். செலவைக் குறைக்க இது நியாயமான வழியே. ஆனால் தூளை மட்டும் நிரப்பிக்கொண்டே இருந்தால், உள்ளிருக்கும் மற்ற பாகங்கள் தேய்வது கணக்கில் வராமல் போய்விடுகிறது.

டிரம், வைப்பர் பிளேடு, பிசிஆர், டாக்டர் பிளேடு ஆகியவை தனித்தனியாகவும் மாற்றக் கூடியவை. பழைய தூள் சேரும் அறையை ஒவ்வொரு முறையும் காலி செய்ய வேண்டும். அது நிரம்பிவிட்டால் தூள் கசிந்து தாளின் ஓரங்களில் கறை படியும். ஒவ்வொரு மாடலின் டோனருக்கும் உருகும் வெப்பநிலையும் மின்தன்மையும் வேறுபடுவதால், கார்ட்ரிட்ஜின் எண்ணைக் குறிப்பிட்டு அதற்கு உரிய தூளையே நிரப்பச் சொல்ல வேண்டும். நிரப்பிய நாளையும், எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்பதையும் கார்ட்ரிட்ஜின் மேல் எழுதி ஒட்டிவைத்தால், அடுத்த முறை கோளாறு வரும்போது காரணத்தைக் கண்டறிவது எளிதாகும்.

இங்க்ஜெட்: உலர்ந்த மையே முதல் எதிரி

லேசர் பிரிண்டர் நீண்ட நாள் ஓய்வில் இருந்தாலும் பெரிதாகப் பாதிக்கப்படாது. இங்க்ஜெட் பிரிண்டரோ பயன்படுத்தாமல் வைத்திருந்தால்தான் கெடும். தலைமுடியைவிட நுண்ணிய நாசில்களின் வழியே மை தெறிப்பதால், சில வாரங்கள் அச்சிடாமல் விட்டாலே மை உலர்ந்து அடைத்துக்கொள்ளும்.

அச்சில் கிடைமட்டமாக வெள்ளை வரிகள் தோன்றுவதும், ஏதேனும் ஒரு நிறம் மட்டும் விடுபடுவதும் இதன் அறிகுறிகள். டிரைவரில் உள்ள ‘நாசில் செக்’ வசதியைப் பயன்படுத்தினால், கருப்பு, நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள் ஆகிய நிறங்களில் கோடுகள் அச்சாகும். அவற்றில் இடைவெளி இருக்கும் நிறத்தில் அடைப்பு உள்ளது. கோடுகள் அனைத்தும் முழுமையாக இருந்தும் எழுத்தின் விளிம்புகள் இரட்டையாகத் தெரிந்தால், சுத்தம் செய்வதால் பயனில்லை. ‘ஹெட் அலைன்மென்ட்’ என்ற சீரமைப்பைச் செய்ய வேண்டும்.

அடைப்பு இருந்தால் ‘ஹெட் கிளீனிங்’ வசதியை இயக்கி, மீண்டும் நாசில் சோதனை செய்ய வேண்டும். இரண்டு மூன்று முறை செய்தும் பலன் இல்லாவிட்டால், ஓர் இரவு முழுவதும் பிரிண்டரை அப்படியே விட்டுவிட்டு மறுநாள் முயல வேண்டும். இடைவிடாமல் பத்து முறை இயக்குவது தவறு. ஒவ்வொரு முறையும் கணிசமான மை வீணாவதுடன், அந்த மை உள்ளே இருக்கும் கழிவு மைத் திண்டில் சேர்கிறது. திண்டு நிரம்பியதாகக் கணக்கிடப்பட்டதும் பல மாடல்கள் அச்சிடுவதையே நிறுத்திவிடும்.

அடுத்த கட்ட நடவடிக்கை, பிரிண்ட் ஹெட் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. எச்பி 803 போன்ற கார்ட்ரிட்ஜ்களில் ஹெட் கார்ட்ரிட்ஜின் அடியிலேயே பொருத்தப்பட்டிருக்கும். வெதுவெதுப்பான காய்ச்சி வடித்த நீரில் நனைத்த, இழை உதிராத துணியின் மேல் அதன் அடிப்பகுதியை ஒரு நிமிடம் வைத்து எடுத்தால், உலர்ந்த மை கரையும். செம்பு நிற மின்முனைகளை விரலால் தொடக் கூடாது. அப்போதும் சரியாகாவிட்டால், கார்ட்ரிட்ஜை மாற்றும்போது ஹெட்டும் புதிதாகிவிடும்.

எப்சன் பிரிண்டர்களில் ஹெட் பிரிண்டருக்குள்ளேயே நிலையாக அமைந்திருக்கும். அங்கு மையை மாற்றுவதால் அடைப்பு நீங்காது. ஹெட்டை மாற்றுவது செலவு மிகுந்த வேலை என்பதால் முன்னெச்சரிக்கையே சிறந்த வழி. வாரத்துக்கு ஒருமுறையேனும் வண்ணப் பக்கம் ஒன்றை அச்சிட வேண்டும். மைத் தொட்டியில் கீழ்க்கோட்டுக்குக் கீழே மை இறங்க விடக் கூடாது. இறங்கினால் குழாய்களில் காற்று புகுந்துவிடும்.

பலரும் அறியாத மற்றொரு காரணமும் உண்டு. இங்க்ஜெட் பிரிண்டரை அதன் பொத்தானை அழுத்தி அணைக்கும்போது, ஹெட் தன் இருப்பிடத்துக்குச் சென்று ரப்பர் மூடியின் மேல் அமர்கிறது. சுவர் சுவிட்சை நேரடியாக அணைத்தால் அல்லது அச்சின் நடுவே மின்சாரம் தடைபட்டால், ஹெட் திறந்த நிலையிலேயே நின்று உலர்ந்துபோகும். மின்வெட்டுக்குப் பிறகு பிரிண்டரை ஒருமுறை இயக்கி, பொத்தான் மூலம் அணைப்பது அடைப்பைத் தவிர்க்கும்.

டாட் மேட்ரிக்ஸ்: ரிப்பனும் ஊசிகளும்

கார்பன் நகலுடன் ரசீது தேவைப்படும் மொத்த வணிகக் கடைகளிலும் சரக்கு அலுவலகங்களிலும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்கள் இன்னும் ஓய்வு பெறவில்லை. எப்சனின் எல்எக்ஸ் வரிசையில் 9 ஊசிகளும், எல்கியூ வரிசையில் 24 ஊசிகளும் உள்ளன. இந்த ஊசிகள் மை தோய்ந்த ரிப்பனைத் தட்டுவதால் எழுத்து உருவாகிறது.

அச்சு சீராக மங்கினால் ரிப்பனை மாற்ற வேண்டும். புதிய ரிப்பனிலும் மங்கலாக இருந்தால், தாளின் தடிமனுக்கு ஏற்ப ஹெட்டின் இடைவெளியை அமைக்கும் நெம்புகோலைப் பார்க்க வேண்டும். நான்கு நகல்களுக்கான நிலையில் வைத்துவிட்டு ஒற்றைத் தாளில் அச்சிட்டால் எழுத்து வெளிறியே வரும். ஒவ்வொரு வரியிலும் எழுத்துகளின் குறுக்கே ஒரே உயரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு ஓடினால், ஓர் ஊசி ஒடிந்துள்ளது அல்லது சிக்கியுள்ளது. கட்டங்களின் செங்குத்துக் கோடுகள் வரிக்கு வரி விலகி நின்றால், இருதிசை அச்சுச் சீரமைப்பைச் செய்ய வேண்டும். ரிப்பனில் ஸ்டாம்ப் பேட் மை போன்ற பொருந்தாத மையை ஊற்றினால் ஊசிகள் சிக்கிக்கொள்ளும்.

காகிதமும் மழைக்காலமும்

பிரிண்டரில் எந்தக் குறையும் இல்லாமலேயே காகிதத்தால் அச்சு கெடுவதுண்டு. மும்பை, கொச்சி, சென்னை போன்ற கடலோர நகரங்களில் மழைக்காலத்தில் திறந்து வைக்கப்பட்ட தாள்கள் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கின்றன. ஈரத் தாளில் டோனர் சரியாக ஒட்டாது. எழுத்து ஆங்காங்கே விட்டுவிட்டு விழும். பியூசரைத் தாண்டும்போது தாள் சுருங்கும். இங்க்ஜெட்டில் மை பரவி எழுத்தின் விளிம்பு கசியும். புதிதாகப் பிரித்த கட்டிலிருந்து பத்துத் தாள்களை வைத்து அச்சிட்டுப் பார்த்தால் இந்த ஐயம் தீர்ந்துவிடும். மீதித் தாள்களை அவற்றின் உறையிலேயே சுற்றி வைக்க வேண்டும்.

இங்க்ஜெட்டுக்கான பளபளப்பான புகைப்படத் தாளை லேசர் பிரிண்டரில் ஒருபோதும் செலுத்தக் கூடாது. அதன் பூச்சு பியூசரின் வெப்பத்தில் உருகி உருளையில் ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு வரும் ஒவ்வொரு தாளிலும் கறை விழும்.

பாதுகாப்பு முக்கியம்

பிரிண்டரைத் திறப்பதற்கு முன் மின்இணைப்பைத் துண்டித்து, அரை மணி நேரமாவது ஆறவிட வேண்டும். பியூசர் கையைச் சுடும். டோனர் தூள் கையிலோ உடையிலோ பட்டால் உலர்ந்த துணியால் தட்டிவிட்டு, குளிர்ந்த நீரில் கழுவ வேண்டும். வெந்நீர் பட்டால் தூள் ஒட்டிக்கொள்ளும். சிந்திய தூளை வீட்டு வாக்குவம் கிளீனரால் உறிஞ்சக் கூடாது. மிக நுண்ணிய துகள்கள் அதன் வடிகட்டியைக் கடந்து மீண்டும் காற்றில் கலந்துவிடும்.

லேசர் கதிர் கண்ணுக்குத் தெரியாதது. மூடி திறந்திருக்கும்போது பிரிண்டர் இயங்காதபடி அமைந்த பாதுகாப்பு சுவிட்சை ஏமாற்றி இயக்கிப் பார்ப்பது பார்வைக்கு ஆபத்தானது. மேலும், கணினிக்கான சிறிய யுபிஎஸ்ஸில் லேசர் பிரிண்டரை இணைக்கக் கூடாது. பியூசர் சூடாகும் நொடியில் இழுக்கும் மின்சாரத்தை அது தாங்காது.

பழுதுபார்ப்பதா, மாற்றுவதா?

கார்ட்ரிட்ஜ், டிரம், தாள் இழுக்கும் ரப்பர் ஆகியவை தேய்வதற்கென்றே அமைந்தவை. இவற்றுக்காக நல்ல பிரிண்டரைக் கழிக்க வேண்டியதில்லை. பியூசர், மின்பலகை, லேசர் பகுதி, நிலையான பிரிண்ட் ஹெட் ஆகியவற்றில் பழுது என்றால் மட்டும் செலவை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கோளாறு எந்தப் பாகத்தில் என்பதை எழுத்து மூலம் கேட்டுப் பெற்று, கழற்றிய பழைய பாகத்தைத் திரும்பப் பெறுவது நுகர்வோருக்கு நல்லது. சேவையில் குறைபாடு இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐத் தொடர்புகொள்ளலாம்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால், பழைய பிரிண்டரையும் காலி கார்ட்ரிட்ஜ்களையும் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், 2022-இன் பட்டியலில் பிரிண்டர்களும் கார்ட்ரிட்ஜ்களும் இடம்பெற்றுள்ளன. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமோ, தயாரிப்பாளரின் சேகரிப்பு மையத்திலோ அவற்றை ஒப்படைக்க வேண்டும்.

கடைக்குச் செல்லும் முன் செய்ய வேண்டியவை

சோதனைத் தாள் ஒன்றை அச்சிட்டு, அதன் பின்புறத்தில் பிரிண்டரின் மாடலையும் கார்ட்ரிட்ஜ் எண்ணையும் கடைசியாக நிரப்பிய நாளையும் எழுத வேண்டும். கறை திரும்ப வந்தால் இடைவெளியை அளந்து குறிக்க வேண்டும். புதிய தாளில் அச்சிட்டுப் பார்த்ததையும், சிக்கன முறையை நீக்கிப் பார்த்ததையும் சேர்த்து எழுதிக்கொள்ளலாம். பழுதுநீக்குபவருக்குப் பிரிண்டரைக் காட்டுவதற்கு முன் இந்தத் தாளைக் காட்டினால், எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்ற பேச்சு அங்கிருந்தே தொடங்கும்.

தேர்வு அனுமதிச் சீட்டு போன்ற ஆவணங்களைக் கடைசி நாள் வரை காத்திருக்காமல், கிடைத்தவுடன் இரண்டு படிகளாக அச்சிட்டு வைத்துக்கொள்வது நல்லது. புகைப்படம், கையொப்பம், பதிவு எண், கியூஆர் குறியீடு ஆகிய நான்கும் தெளிவாக உள்ளனவா எனப் பார்த்துவிட்டால், பிரிண்டர் தொல்லை தந்தாலும் வேறிடத்தில் அச்சிட அவகாசம் இருக்கும்.